லினக்ஸ் டிரைவரில் இன்டரப்ட் கோளாறு: கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

டிரைவர் மாட்யூல் சிக்கலில்லாமல் லோடு ஆகிறது. ரிஜிஸ்டர்களைப் படித்தால் எதிர்பார்த்த மதிப்பு வருகிறது. ஆனால் இன்டரப்ட்டை (சாதனம் சிபியூவின் கவனத்தைக் கோரி அனுப்பும் அழைப்பை) நம்பி ஒரு வேலையைக் கொடுத்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறது. இல்லையென்றால் ஒரு சிபியூ மட்டும் நூறு சதவீதத்தில் ஓடி, கெர்னல் லாக்கில் "நோபடி கேர்ட்" என்று ஒரு வரி விழுகிறது. இந்த இடத்தில் பலரும் உடனே ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் செயல்பாடு) கோடைத் திறந்து ப்ரிண்ட்கே (கெர்னல் லாக்கில் எழுதும் அழைப்பு) சேர்க்க ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். கோடைத் தொடுவதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இன்டரப்ட் கோளாறுகள் வெளியே எப்படித் தெரிந்தாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். இன்டரப்ட் வரவே இல்லை, வந்தும் டிரைவர் விழிக்கவில்லை, நிற்காமல் கொட்டுகிறது, வரக்கூடாத நேரத்தில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. வரவே வராத இன்டரப்ட்டுக்கு ஹேண்ட்லருக்குள் எவ்வளவு தேடினாலும் எதுவும் கிடைக்காது, அந்தக் கோடு ஓடவே இல்லையே.

கீழே சொல்வதெல்லாம் லினக்ஸ் கெர்னலை வைத்து. சி மொழியும், ஒரு சின்ன மாட்யூலை எழுதி லோடு செய்த அனுபவமும் இருந்தால் போதும்.

## உடைத்துப் பார்க்க ஒரு களம்

நிஜ வன்பொருளில் இதையெல்லாம் கற்றுக்கொள்வது கொஞ்சம் வேதனை. ஒரு தவறுக்கு ஒரு முறை ரீபூட். அதனால் க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் "எடு" என்ற மெய்நிகர் பிசிஐ சாதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் கெர்னல் பாடத்துக்காக உருவானது. விற்பனையாளர் எண் ஹெக்ஸ் 1234, சாதன எண் ஹெக்ஸ் 11ஈ8. டிரைவர் எழுதிப் பழகுவதற்கென்றே செய்திருப்பதால் தேவைக்கு மேல் எதுவும் இல்லை.

நமக்கு வேண்டியது மூன்று ரிஜிஸ்டர்கள். ஹெக்ஸ் 60-இல் ஒரு மதிப்பை எழுதினால் சாதனம் இன்டரப்ட்டை எழுப்பும். ஹெக்ஸ் 24-ஐப் படித்தால் எந்தக் காரணத்துக்காக எழுந்தது என்று தெரியும். ஹெக்ஸ் 64-இல் அதே மதிப்பை எழுதினால் அடங்கும். பழைய பின் (தனிக் கம்பி) வழி இன்டரப்ட், எம்எஸ்ஐ (பஸ் வழியே செய்தியாக வரும் இன்டரப்ட்) இரண்டும் உண்டு. பின் வழியில் வைத்துக்கொண்டு 64-இல் எழுதும் வரியை மட்டும் நீக்கிப் பாருங்கள். இன்டரப்ட் கொட்டுவது எப்படி இருக்கும் என்பதை முதல் நிமிடத்திலேயே பார்த்துவிடலாம். தொங்குவது மெய்நிகர் இயந்திரம்தான், உங்கள் லேப்டாப் இல்லை.

## படி 1: எண்ணிக்கையைப் படியுங்கள்

/ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு இன்டரப்ட். இடது ஓரத்தில் லினக்ஸ் கொடுத்த எண். அடுத்து சிபியூவுக்கு ஒரு பத்தியாக எண்ணிக்கை. பிறகு இன்டரப்ட் கன்ட்ரோலரின் பெயர், வன்பொருள் எண், எட்ஜா லெவலா என்ற குறிப்பு (இரண்டுக்கும் வித்தியாசம் படி 2-இல்). கடைசியில் பதிவு செய்த டிரைவர்களின் பெயர்கள். கடைசியில் இரண்டு பெயர்கள் கமாவோடு இருந்தால் அந்த இன்டரப்ட்டை இரண்டு சாதனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. இதை இப்போதே குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோப்பை ஒரு முறை படித்து, சாதனத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து, மறுபடி படியுங்கள். வரியே இல்லையென்றால் பதிவு செய்யும் அழைப்பு தோற்றிருக்கிறது அல்லது நடக்கவே இல்லை. வரி இருந்து எண் நகரவில்லையென்றால் படி 2. ஒன்றுதான் கூடியது, ஆனாலும் டிரைவர் தூங்குகிறது என்றால் படி 3. ஆயிரக்கணக்கில் பாய்ந்தால் படி 4. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் எப்போதாவது கெர்னல் விழுகிறது என்றால் படி 5.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணிக்கை இன்டரப்ட் வரிக்கு (இன்டரப்ட் வந்து சேரும் தடத்துக்கு) உரியது, உங்கள் சாதனத்துக்கு மட்டும் உரியது அல்ல. பகிர்ந்த வரியில் பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்ட்டும் இதே கணக்கில் ஏறும். ஹேண்ட்லர் "என்னுடையது இல்லை" என்று சொன்னாலும் எண் கூடும். அதைப் பிரித்துப் பார்க்க /ப்ராக்/ஐஆர்க்யூ என்ற அடைவில் உங்கள் எண்ணுக்குள் போய் "ஸ்பூரியஸ்" கோப்பைப் படியுங்கள்; யாரும் ஏற்காத இன்டரப்ட்டுகளின் கணக்கு அங்கே இருக்கும்.

கெர்னலை நீங்களே கம்பைல் செய்பவரென்றால் கான்ஃபிக்_ஜெனரிக்_ஐஆர்க்யூ_டீபக்எஃப்எஸ் என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். டீபக்எஃப்எஸ்ஸுக்குள் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு அடைவு) ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் ஒரு கோப்பு வரும். அதில் "டிடெப்த்" மதிப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் யாரோ அந்த இன்டரப்ட்டை முடக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வசதி: பல கன்ட்ரோலர்களில் அந்தக் கோப்பில் "டிரிகர்" என்று எழுதினால் சாதனத்தின் தயவில்லாமலே இன்டரப்ட்டை எழுப்பலாம். அப்போது ஹேண்ட்லர் ஓடினால் கோளாறு சாதனத்துக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே இருக்கிறது, உங்கள் கோடில் இல்லை. வாரக்கணக்கில் நடக்கும் "வன்பொருளா மென்பொருளா" வாக்குவாதத்தை இது ஒரு நிமிடத்தில் முடித்துவைக்கும்.

## படி 2: இன்டரப்ட் வரவே இல்லை

முதலில் பாதையை இரண்டாக வெட்டுங்கள். இன்டரப்ட்டை நம்பாமல், வேலை கொடுத்தபின் சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை நேரடியாகப் படியுங்கள். பிட் ஏறவில்லையென்றால் சாதனம் வேலையையே முடிக்கவில்லை. இன்டரப்ட்டை மறந்துவிட்டு சாதனத்தை எப்படி ஆயத்தப்படுத்தினீர்கள் என்று பாருங்கள். பிட் ஏறியும் எண்ணிக்கை நகரவில்லையென்றால் வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்புக்கு முதல் சந்தேகம் சாதனத்தின் சொந்த மாஸ்க் ரிஜிஸ்டர். நிறைய சாதனங்களில் ஸ்டேட்டஸ் பிட் ஏறுவதற்கும் இன்டரப்ட் வெளியே போவதற்கும் நடுவே தனியாக ஒரு அனுமதி பிட் இருக்கும். சில சிப்களில் 1 என்றால் அனுமதி, சிலவற்றில் 1 என்றால் தடை. டேட்டாஷீட்டில் அந்த ஒரு வரியை மறுபடி படியுங்கள்.

பிசிஐ சாதனமா? பிசிஐ_எனேபிள்_டிவைஸ் அழைப்புக்குப் பிறகுதான் இன்டரப்ட் எண்ணை நம்பலாம். அதற்கு முன்னால் படித்து வைத்த எண் மாறியிருக்கக்கூடும். எம்எஸ்ஐ பயன்படுத்தினால் பிசிஐ_செட்_மாஸ்டர் கட்டாயம். எம்எஸ்ஐ என்பது சாதனம் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு மதிப்பை எழுதுவதுதான். பஸ் மாஸ்டர் உரிமை இல்லாத சாதனத்தால் எழுத முடியாது, அதனால் இன்டரப்ட்டும் வராது. டிஎம்ஏ (சிபியூ இல்லாமல் நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுதுவது) செய்யாத சாதனத்துக்கு டிரைவர் எழுதுபவர்கள் "நமக்கெதற்கு பஸ் மாஸ்டர்" என்று விட்டுவிடுவது இங்கேதான் கடிக்கும். பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டார்ஸ் அழைத்தபின் எண்ணைப் பிசிஐ_ஐஆர்க்யூ_வெக்டார் மூலமாகவே கேளுங்கள்.

பழைய பின் வழி என்றால் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டுங்கள். "டிஸ்ஐஎன்டிஎக்ஸ்" பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் பிசிஐ கமாண்ட் ரிஜிஸ்டரின் 10-ஆவது பிட் ஏறியிருக்கிறது, பின் அடைபட்டுக் கிடக்கிறது.

ஆர்ம் போர்டென்றால் கதை வேறு, டிவைஸ் ட்ரீயை (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பை) பாருங்கள். சிப் மேனுவலில் இன்டரப்ட் 49 என்று போட்டிருக்கும். நீங்களும் டிவைஸ் ட்ரீயில் 49 என்று எழுதியிருப்பீர்கள். ஜிஐசி என்ற ஆர்ம் இன்டரப்ட் கன்ட்ரோலரில் பகிர்வு வகை இன்டரப்ட்டுகள் 32-இலிருந்து தொடங்குகின்றன, டிவைஸ் ட்ரீயிலோ அந்த வகை 0-இலிருந்து எண்ணப்படுகிறது. ஆக எழுத வேண்டியது 17. சில மேனுவல்களில் 32-ஐக் கழித்தே அச்சிட்டிருப்பார்கள் என்பதால் இரண்டையும் போட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே ஜிஐசி பகிர்வு வகையில் உயர் லெவலையும் ஏறும் எட்ஜையும் மட்டுமே ஏற்கும். தாழ் லெவல் என்று கொடுத்தால், டிரிகர் முறையை அமைக்க முடியவில்லை என்று கெர்னல் லாக்கில் வரி விழும்.

அப்புறம் ஒரு சி மொழிப் பொறி. பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ தோற்றால் எதிர்ம எண்ணைத் திருப்பும். அதை அன்சைன்டு மாறியில் வாங்கி "பூஜ்யத்துக்குக் கீழா" என்று சோதித்தால் அந்தச் சோதனை ஒருநாளும் உண்மையாகாது. இன்ட் மாறியில் வாங்குங்கள். திரும்பிய பிழை எண்ணை மாற்றாமல் அப்படியே மேலே அனுப்புங்கள். கன்ட்ரோலரின் டிரைவர் இன்னும் லோடு ஆகாதபோது வரும் "பிறகு முயற்சி செய்" என்ற விடையும் அதே வழியாகத்தான் வருகிறது. அதை வேறு எண்ணாக மாற்றிவிட்டால் கெர்னல் மறுபடி முயற்சி செய்யாது.

எட்ஜா லெவலா என்பதைத் தப்பாக எடுத்தாலும் வராது. எட்ஜ் என்பது குக்கர் விசில் மாதிரி: அடித்த நேரத்தில் கவனிக்கவில்லையென்றால் போச்சு. லெவல் என்பது அழுகிற குழந்தை: தூக்கும்வரை நிறுத்தாது. டிரைவர் லோடு ஆவதற்கு முன்பே சாதனத்தில் ஒரு ஸ்டேட்டஸ் பிட் ஏறி, கம்பி ஏற்கெனவே செயல்நிலையில் இருந்தால், எட்ஜுக்கு வேண்டிய மாற்றம் அதன் பிறகு நடக்காது. பூட்லோடர் விட்டுப்போன பிட்டால் இப்படி ஆவது சகஜம். சாதனத்தில் எல்லாவற்றையும் மாஸ்க் செய்து, ஸ்டேட்டஸை அழித்து, ஹேண்ட்லரைப் பதிவு செய்து, கடைசியாக மாஸ்க்கை எடுங்கள். இந்த வரிசை அடுத்து வரும் வேறு சில கோளாறுகளையும் சேர்த்துத் தடுக்கும்.

## படி 3: வந்தும் டிரைவர் விழிக்கவில்லை

எண்ணிக்கை ஒன்று கூடியது, ஹேண்ட்லரும் ஓடியது, ஆனால் காத்திருக்கும் த்ரெட் டைம்அவுட் ஆகிறது. பெரும்பாலும் வரிசைப் பிழை. சாதனத்துக்கு "தொடங்கு" என்று எழுதிவிட்டு, அதன்பின் ரீஇனிட்_கம்ப்ளீஷன் ("முடிந்தது" என்ற குறியைத் துடைக்கும் அழைப்பு) அழைத்திருப்பார்கள். வேகமான சாதனம் அந்த இடைவெளிக்குள்ளேயே வேலையை முடித்து இன்டரப்ட் அனுப்பிவிடும். ஹேண்ட்லர் போட்ட குறியை உங்கள் ரீஇனிட் அழித்துவிடும். முதலில் ரீஇனிட், பிறகு தொடங்கு. இது நூறு முறைக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் வகை என்பதால் சோதனையில் தப்பி, வாடிக்கையாளரிடம் போய்த்தான் வெளிப்படும்.

இன்னொன்று ஸ்டேட்டஸை அழிக்கும் முறை. நிறைய சிப்களில் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் "1 எழுதினால் அழியும்" வகை. பழக்கதோஷத்தில் படித்து, ஒரு பிட்டைச் சேர்த்து, திருப்பி எழுதினால் அந்த நேரத்தில் ஏறியிருந்த மற்ற எல்லாப் பிட்டுகளும் சேர்ந்து அழிந்துவிடும். இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக வரும்போது ஒன்று காணாமல் போகும். கையாளப் போகும் பிட்டுகளை மட்டும் எழுதுங்கள்.

எப்போது அழிப்பது என்பதும் முக்கியம். எட்ஜிலும் எம்எஸ்ஐயிலும் ஸ்டேட்டஸைப் படித்தவுடனே அதே மதிப்பை எழுதி அழித்துவிட்டு, அப்புறம்தான் வேலையைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்தபின் அழித்தால், நடுவில் வந்த புதிய நிகழ்வும் சேர்ந்து துடைக்கப்படும். அழித்தபின் ஸ்டேட்டஸை இன்னொரு முறை படித்து, பூஜ்யமாகும்வரை சுற்றுவது எட்ஜுக்கு நல்ல பழக்கம். சுற்றுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், கெட்டுப்போன சாதனம் உங்களை அங்கேயே பிடித்து வைத்துவிடக் கூடாது.

இன்டரப்ட் வந்தது, த்ரெட் விழித்தது, ஆனால் டிஎம்ஏ நினைவகத்தில் பழைய தரவு இருக்கிறது என்றால் அது பின் வழி இன்டரப்ட்டுக்கே உரிய நோய். பின் தனிக் கம்பி. தரவு பஸ் வழியே வருகிறது. கம்பி முந்திவிடலாம். ஹேண்ட்லரில் சாதனத்தின் ஒரு ரிஜிஸ்டரைப் படித்தால் அந்த விடை திரும்பி வருவதற்குள் முன்னால் கிளம்பிய தரவு நினைவகத்தைச் சேர்ந்துவிடும். எம்எஸ்ஐயில் இன்டரப்ட்டே நினைவகத்தில் எழுதுவது என்பதால் தரவுக்குப் பின்னால்தான் வந்து சேரும். புதிய டிரைவர் எழுதும்போது எம்எஸ்ஐயைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

## படி 4: நிற்காமல் கொட்டுகிறது

லெவல் இன்டரப்ட்டில் ஹேண்ட்லர் திரும்புவதற்குள் சாதனம் கம்பியை விடவில்லையென்றால், திரும்பிய மறுகணமே மீண்டும் இன்டரப்ட். அந்த சிபியூவில் வேறு எதுவும் ஓடாது.

கெர்னலுக்கு இதற்கு ஒரு காவல் உண்டு. ஒரே வரியில் 1,00,000 இன்டரப்ட்டுகள் வந்து, அவற்றில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்கவில்லையென்றால் "நோபடி கேர்ட்" என்று எழுதி, பதிவான ஹேண்ட்லர்களின் பட்டியலைக் காட்டி, அந்த இன்டரப்ட்டையே முடக்கிவிடும். அடுத்தடுத்த இரண்டு ஏற்காத இன்டரப்ட்டுகளுக்கு நடுவே பத்தில் ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏற்காதவற்றின் எண்ணிக்கை மறுபடி 1-இலிருந்து தொடங்கும். அதனால் எப்போதாவது வரும் போலி இன்டரப்ட்டுக்கு இந்தக் காவல் குரைக்காது.

அந்தச் செய்தியிலேயே "ஐஆர்க்யூபோல்" தேர்வோடு பூட் செய்து பாருங்கள் என்ற ஆலோசனையும் இருக்கும். கெட்டுப்போன பயாஸ் உள்ள கணினியை எப்படியாவது ஓட்ட அது உதவும். டிரைவர் எழுதுபவருக்கு அது தீர்வே இல்லை.

அதைவிட மோசமான "தீர்வு" ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: எது வந்தாலும் ஐஆர்க்யூ_ஹேண்டில்டு ("நான் ஏற்றேன்") என்று திருப்பிவிடுவது. செய்தி மறைந்துவிடும், உண்மைதான். காவலின் கண்ணைக் கட்டிவிட்டதால்தான் மறைகிறது. இனி கொட்டினால் கெர்னல் முடக்காது, சிபியூ பூட்டிக்கொள்ளும். பகிர்ந்த வரியில் இப்படிச் செய்தால் பக்கத்துச் சாதனத்தின் கோளாறையும் சேர்த்து மறைத்துவிடுவீர்கள். ஹேண்ட்லரின் முதல் வேலை, இது என்னுடையதா என்று ஸ்டேட்டஸைப் படித்துப் பார்ப்பது. இல்லையென்றால் ஐஆர்க்யூ_நன் ("என்னுடையது இல்லை"). இதில் சமரசம் கூடாது.

சரி, அழிக்கும் வரி கோடில் இருக்கிறது, ஆனாலும் கொட்டுகிறதா? பிசிஐ வழியே சாதனத்துக்கு எழுதுபவை வழியில் தேங்கும் தன்மை உடையவை. நீங்கள் எழுதிய "அடங்கு" கட்டளை சாதனத்தைச் சேர்வதற்குள் ஹேண்ட்லர் திரும்பிவிடலாம். கம்பி இன்னும் செயல்நிலையில் இருப்பதால் ஒரு போலி இன்டரப்ட் கூடுதலாக வரும். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். எழுதியபின் அதே சாதனத்தில் ஒரு ரிஜிஸ்டரைப் படித்தால் எழுதியது போய்ச் சேர்ந்தது உறுதி.

ஸ்டேட்டஸ் முழுக்க 1-களாக வருகிறதா? 32 பிட்டும் ஏறியிருந்தால் எல்லா நிகழ்வுகளும் ஒன்றாக நடந்துவிட்டன என்று பொருளல்ல. பெரும்பாலும் பிசிஐ சாதனம் அங்கே இல்லை: யாரோ கழற்றியிருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம். இந்த மதிப்பைத் தனியாகச் சோதித்து ஐஆர்க்யூ_நன் திருப்புங்கள்.

த்ரெடட் ஹேண்ட்லரில் (முக்கிய வேலையைத் தூங்கக்கூடிய ஒரு த்ரெட்டில் செய்யும் வகை) கொட்டினால் ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் (த்ரெட் முடியும்வரை வரியை மூடி வைக்கும்) கொடியைப் பாருங்கள். ஐ2சி (மெதுவான சீரியல் பஸ்) வழி சென்சார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டேட்டஸைப் படிக்கவே ஐ2சி பரிமாற்றம் வேண்டும், அதில் தூங்க நேரும். எனவே அழிக்கும் வேலை த்ரெட்டில்தான் நடக்கும். ஒன்ஷாட் இல்லையென்றால் வன்பொருள் நிலை ஹேண்ட்லர் திரும்பியதுமே வரி திறந்துவிடும், கம்பியோ இன்னும் கீழே இறங்கவில்லை. முதல் ஹேண்ட்லராக நல் (வெற்று பாயின்டர்) கொடுத்து, ஒன்ஷாட்டும் இல்லாமல் பதிவு செய்ய முயன்றால் பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கெர்னலே மறுத்துவிடும். நீங்களே முதல் ஹேண்ட்லரை எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தூங்காமல் தொட முடிகிற சாதனமென்றால் அதில் மாஸ்க் செய்துவிட்டு ஐஆர்க்யூ_வேக்_த்ரெட் ("த்ரெட்டை எழுப்பு") திருப்ப வேண்டும்; ஐ2சி சென்சாருக்கு ஒன்ஷாட்தான் வழி.

பகிர்ந்த வரியில் கத்துவது யார் என்று தெரியவில்லையென்றால் மறுபடி எல்எஸ்பிசிஐ. ஸ்டேட்டஸ் வரியில் "ஐஎன்டிஎக்ஸ்" பக்கத்தில் கூட்டல் குறி எந்தச் சாதனத்துக்கு இருக்கிறதோ அதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லாக்கில் உங்கள் டிரைவரின் பெயர் வந்திருப்பதாலேயே குற்றவாளி நீங்கள் என்று ஆகிவிடாது. உண்மையான குற்றவாளிக்கு டிரைவரே லோடு ஆகாமல் இருக்கலாம். அப்போது அதன் பெயர் பட்டியலில் எப்படி வரும்?

## படி 5: வரக்கூடாத நேரத்தில் வருகிறது

ஹேண்ட்லரைப் பதிவு செய்த கணத்திலிருந்து அது ஓடலாம். ப்ரோப் (சாதனத்தை ஆயத்தம் செய்யும் டிரைவர் செயல்பாடு) முடியவில்லையே என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். பதிவு செய்த பிறகு ஸ்பின்லாக்கை ஆயத்தம் செய்தாலோ பஃபரை ஒதுக்கினாலோ, முதல் இன்டரப்ட்டே நல் பாயின்டரில் போய் முட்டும். சாதாரண பூட்டில் இது தெரியாது, சாதனம் அமைதியாக இருக்கும். கெர்னல் விழுந்து கேடம்ப் (விழுந்த கெர்னலின் நினைவகத்தைச் சேமிக்கும் வசதி) வழியாக இரண்டாவது கெர்னல் எழும்போது சாதனம் பழைய வேலையின் நடுவே இருக்கும். அப்போதுதான் வெடிக்கும்.

மூடும்போது இதற்கு நேர் எதிர் வரிசை: சாதனத்தில் மாஸ்க், பிறகு ஃப்ரீ_ஐஆர்க்யூ, பிறகு ஹேண்ட்லர் கிளப்பிவிட்ட வொர்க்கையும் டைமரையும் முடியும்வரை காத்திருந்து ரத்து செய்வது, கடைசியாக நினைவகம். டெவ்எம் வகை (வாங்கியதைக் கெர்னலே தானாக விடுவிக்கும்) அழைப்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ மூலம் வாங்கியது ரிமூவ் செயல்பாடு திரும்பிய பிறகுதான் விடுவிக்கப்படும். ரிமூவுக்குள் நீங்கள் கையால் பஃபரை விடுவித்தாலோ க்ளாக்கை நிறுத்தினாலோ, ஹேண்ட்லர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதன் காலடி மண்ணை எடுக்கிறீர்கள். எல்லாமே டெவ்எம்மாக இருக்கட்டும், அல்லது இன்டரப்ட்டை மட்டும் கையால் விடுவியுங்கள். இரண்டையும் கலந்துவிட்டு நல்லபடியாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மின்சேமிப்பு இதே கதையின் இன்னொரு முகம். உங்கள் சாதனம் ரன்டைம் சஸ்பெண்டில், க்ளாக் நின்றிருக்கிறது. வரி பகிர்ந்தது. பக்கத்துச் சாதனத்துக்கு இன்டரப்ட் வந்தாலும் உங்கள் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும். அது ரிஜிஸ்டரைப் படிக்கப் போகும். க்ளாக் இல்லாத ரிஜிஸ்டரைப் படித்தால் சில ஆர்ம் சிப்களில் பஸ்ஸே தொங்கிவிடும். சஸ்பெண்ட் ஆகும்போது ஒரு கொடியை வைத்து, ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே பார்த்து ஐஆர்க்யூ_நன் திருப்புங்கள். கொடியை வைத்தபின் சின்க்ரனைஸ்_ஐஆர்க்யூ அழைத்துவிட்டுத்தான் க்ளாக்கை நிறுத்த வேண்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடிய வேண்டுமே.

இவற்றைப் பிடிக்க கான்ஃபிக்_டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ ஒரு நல்ல பொறி. பகிர்ந்த இன்டரப்ட்டை விடுவிக்கும்போது கெர்னல் வேண்டுமென்றே உங்கள் ஹேண்ட்லரை ஒரு முறை கூடுதலாகக் கூப்பிடும். வரிசை தப்பாக இருந்தால் அங்கேயே மாட்டும்.

## படி 6: ஹேண்ட்லருக்குள் என்ன நடக்கிறது

2010-இல் வந்த 2.6.35-இலிருந்து வன்பொருள் ஹேண்ட்லர்கள் எல்லாமே அந்த சிபியூவில் இன்டரப்ட்டுகள் அடைபட்ட நிலையில்தான் ஓடுகின்றன. உள்ளே தூங்க முடியாது. மியூடெக்ஸ், எம்ஸ்லீப், ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு நினைவகம் கேட்பது எல்லாம் விலக்கு. அதிலும் நினைவகம் கேட்பது நயவஞ்சகமானது: நினைவகம் தாராளமாக இருக்கும்வரை தூங்காமலே கிடைத்துவிடும், நெருக்கடி வரும் நாளில்தான் காலை வாரும். கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் போட்டால் தூங்க வாய்ப்புள்ள அழைப்பைப் பார்த்ததுமே எச்சரிக்கும். தூங்கியே ஆக வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ இருக்கிறது, 2009-இல் 2.6.30-இலேயே வந்துவிட்டது.

ஸ்பின்லாக் விஷயத்தில் ஒரு விதி போதும். ஹேண்ட்லர் எடுக்கும் ஸ்பின்லாக்கை வெளியே சாதாரண கோடில் எடுக்கும்போது ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பயன்படுத்துங்கள். வெறும் ஸ்பின்_லாக் என்றால், லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே சிபியூவில் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் அதே லாக்குக்காகச் சுற்றும். லாக்கை வைத்திருப்பவர் ஹேண்ட்லர் முடியும்வரை ஓட முடியாது. முடிந்தது கதை. கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங் இதை டெட்லாக் நடக்காமலே கண்டுபிடித்து "இன்கன்சிஸ்டென்ட் லாக் ஸ்டேட்" என்று சொல்லிவிடும். டிரைவர் எழுதும் கணினியில் இதை அணைத்து வைக்க நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஹேண்ட்லருக்குள்ளிருந்தே டிஸேபிள்_ஐஆர்க்யூ அழைத்தால், ஹேண்ட்லர் முடியும்வரை ஹேண்ட்லரே காத்திருக்கும். நோசிங்க் வடிவத்தை அழையுங்கள். பகிர்ந்த வரியில் அதுவும் கூடாது, பக்கத்துச் சாதனமும் சேர்ந்து ஊமையாகிவிடும். உங்கள் சாதனத்தின் மாஸ்க் ரிஜிஸ்டரை மட்டும் தொடுங்கள்.

இப்போது அந்த ப்ரிண்ட்கேக்கு வருவோம். சீரியல் கன்சோல் 1,15,200 பாட் வேகத்தில் விநாடிக்கு 11,520 எழுத்துகள்தான் அனுப்பும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறக்குறைய 7 மில்லிவிநாடி. மில்லிவிநாடிக்கு ஒரு இன்டரப்ட் வரும் சாதனத்தில் அந்த ஒரு வரியே புதுக் கோளாறுகளை உண்டாக்கும். பழைய கோளாறை மறைக்கவும் செய்யும். ட்ரேஸ்_ப்ரிண்ட்கே நினைவகத்தில் மட்டும் எழுதும். பெரும்பாலும் அதுகூட வேண்டாம். எஃப்ட்ரேஸில் (கெர்னலின் நிகழ்வுகளைப் பதியும் கருவி) ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_என்ட்ரி, ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_எக்ஸிட் என்ற இரண்டு நிகழ்வுகளை இயக்கினால் எந்த ஹேண்ட்லர் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது, ஏற்றதா இல்லையா எல்லாம் மைக்ரோவிநாடிக் கணக்கில் வரும். உங்கள் கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

## படி 7: சரியானதா என்று உறுதி செய்யுங்கள்

ஒரு முறை ஓடிவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதனம் மும்முரமாக வேலை செய்யும்போது சிஸ்எஃப்எஸ் (/சிஸ் அடைவு) வழியாக டிரைவரை சாதனத்திலிருந்து அன்பைன்ட் செய்து (பிரித்து) மறுபடி பைன்ட் செய்யும் (இணைக்கும்) ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். படி 5-இன் பிழைகள் அதில்தான் வரும். அது ஓடும்போதே எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட் கோப்பில் எழுதி இன்டரப்ட்டை சிபியூவுக்கு சிபியூ நகர்த்துங்கள். ஒரே சிபியூவில் ஒளிந்திருந்த ரேஸ் (வேலைகள் ஓடும் வரிசையைப் பொறுத்து வரும் பிழை) வெளியே வரும்.

"த்ரெட்ஐஆர்க்யூஸ்" என்ற பூட் தேர்வோடும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விதிவிலக்குக் கேட்ட சில ஹேண்ட்லர்களைத் தவிர மற்றவையெல்லாம் த்ரெட்டாக மாறும். நிகழ்நேரக் கெர்னலில் நடப்பதற்கு இது ஓரளவு ஒத்திகை. 2024-இல் வந்த 6.12-இலிருந்து ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (அந்த நிகழ்நேர வசதி) கெர்னலின் பிரதான கிளையிலேயே இருப்பதால், "நம் டிரைவரை யார் அதில் ஓட்டப் போகிறார்கள்" என்று இனி சொல்ல முடியாது. இந்த த்ரெட்டுகள் எஃப்ஐஎஃப்ஓ என்ற நிகழ்நேர ஷெட்யூலிங் வகையில் 50 என்ற முன்னுரிமையோடு ஓடும். சாதாரண புரோகிராம்களை எளிதாக ஓரங்கட்டிவிடும் என்பதால், த்ரெட்டில்தானே இருக்கிறோம் என்று உள்ளே நீண்ட லூப் வைக்காதீர்கள்.

கடைசியாக மறுபடி /ப்ராக்/இன்டரப்ட்ஸ். சாதனத்துக்கு 1,000 வேலை கொடுத்தால் எண்ணிக்கை எவ்வளவு கூட வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் ஓட்டுங்கள். 1,003 வந்தால் அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை பேட்ச்சை அனுப்ப வேண்டாம்.